லில்லி பார்: மைதானக் கதவுகள் மூடப்பட்ட பின்னும் ஆடியவர்

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, 14 வயதில் கால்பந்து ஆடுவதற்காக வீட்டை விட்டு வேறு ஊருக்குச் சென்று, 46 வயது வரை களத்தில் நின்றவர் லில்லி பார். அவர் அடித்த கோல்கள் 900-க்கும் மேற்பட்டவை என்று மதிப்பிடப்படுகிறது. ஆனால் அந்த 32 ஆண்டுகளில் 30 ஆண்டுகள், பெண்கள் கால்பந்து ஆடுவதை அந்நாட்டின் கால்பந்துச் சங்கம் தனது மைதானங்களில் அனுமதிக்காத ஆண்டுகளாக இருந்தன.

விளையாடும் சிறுமிகளுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இன்று பல நாடுகளில் பள்ளிகளிலும் விளையாட்டு அமைப்புகளிலும் எழுப்பப்படுகிறது. ஊக்கமளிக்கும் சொற்களும் பாராட்டும் போதும் என்று சிலர் கருதுகின்றனர். லில்லி பாரின் வாழ்க்கை வேறு விதமான விடையைத் தருகிறது. ஒரு சிறுமிக்குள் நம்பிக்கை உருவாவதற்குத் திறமையும் பயிற்சியும் மட்டுமன்றி, ஆடுவதற்கு இடமும், அழைப்பதற்கு ஓர் அணியும், அவளது நேரத்துக்கு மதிப்பும் தேவைப்படுகின்றன என்பதை அவரது கதை காட்டுகிறது. அவை பறிக்கப்படும்போது யார் தாக்குப்பிடிக்கிறார்கள், யார் காணாமற் போகிறார்கள் என்பதையும் அது காட்டுகிறது.

சகோதரர்களுடன் பயின்ற ஆட்டம்

லில்லி பார் 1905-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி லங்காஷயர் பகுதியிலுள்ள செயின்ட் ஹெலன்ஸ் நகரில் பிறந்தார். கண்ணாடித் தொழிலுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அவரது தந்தை ஜார்ஜ் ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக் கூலித் தொழிலாளி. ஏழு பிள்ளைகளில் லில்லி நான்காமவர்.

அக்காலத்தில் அத்தகைய குடும்பங்களில் பிறந்த பெண் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கப்பட்டவை சமையலும் தையலும், பின்னர் ஆலை வேலையோ வீட்டு வேலையோதான். லில்லிக்கு இவற்றில் நாட்டம் இருக்கவில்லை. வீட்டுக்கு அருகே இருந்த வெற்று நிலத்தில் தன் சகோதரர்களுடன் கால்பந்தும் ரக்பியும் ஆடுவதிலேயே அவரது பொழுது கழிந்தது. செயின்ட் ஹெலன்ஸ் ரக்பி ஆட்டத்துக்குப் பேர்போன ஊர். தன்னைவிட வலிமை மிக்க பையன்களுடன் மோதியும், அவர்களைப் போலவே தொலைவிலிருந்து பந்தை உதைத்தும் அவர் பழகினார்.

பிற்காலத்தில் அவரது பெயருடன் ஒட்டிக்கொண்ட இடது கால் உதையின் வேகம் இந்த வெற்று நிலத்தில்தான் உருவானது. சகோதரர்கள் அவருக்கென்று தனிச் சலுகை எதையும் காட்டவில்லை. அவர் ஆடியது சிறுமிகளுக்கென்று குறைக்கப்பட்ட ஆட்டமும் அல்ல. தன்னால் எது முடியும், எது முடியாது என்பதைப் பிறர் சொல்லிக் கேட்பதற்கு முன்பே அவர் தானாக அறிந்து வைத்திருந்தார். பின்னாளில் மருத்துவர்களும் நிர்வாகிகளும் பெண்ணின் உடல் கால்பந்துக்கு ஏற்றதல்ல என்று கூறியபோது, தன் உடலைப் பற்றி அவர்களைவிட அதிகம் அறிந்தவராக லில்லி இருந்தார்.

போர் திறந்த கதவு

லில்லி சிறுமியாக இருந்த காலத்தில் முதலாம் உலகப் போர் பிரிட்டனின் தொழிற்சாலைகளை மாற்றி அமைத்தது. 1916-இல் ஆண்களுக்குக் கட்டாய இராணுவ சேவை கொண்டுவரப்பட்டதையடுத்து, வெடிகுண்டுகளும் தோட்டாக்களும் தயாரிக்கும் பணியில் இலட்சக்கணக்கான பெண்கள் சேர்க்கப்பட்டனர். நீண்ட நேர, ஆபத்தான வேலை அது. இடைவேளைகளில் அவர்கள் தொழிற்சாலை முற்றங்களில் பந்து விளையாடத் தொடங்கினர். அவர்களின் உடல் நலனுக்கு இது நல்லது என்று மேற்பார்வையாளர்களும் அனுமதித்தனர். ஆண்களுக்கான தொழில்முறைக் கால்பந்துத் தொடர் 1915-இல் நிறுத்தப்பட்டிருந்த நிலையில், நாட்டின் பல பகுதிகளில் தொழிற்சாலைப் பெண்களின் அணிகள் தோன்றின.

பெண்கள் கால்பந்து இங்கிலாந்துக்கு முற்றிலும் புதியதல்ல. 1895-லேயே லண்டனில் பிரிட்டிஷ் மகளிர் கால்பந்துக் கழகத்தின் ஆட்டத்தைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர். ஆனால் அது நடுத்தர வர்க்கத்தின் ஒரு குறுகிய கால முயற்சியாகவும் கேலிக்குரிய வேடிக்கையாகவும் பார்க்கப்பட்டது. போர்க் காலத்தில் ஆடியவர்களோ உழைக்கும் வர்க்கப் பெண்கள். அவர்களின் ஆட்டங்கள் காயமுற்ற படைவீரர்களுக்கு நிதி திரட்டின. ஆகவே அவர்களைக் கேலி செய்வது எளிதாக இருக்கவில்லை.

பிரெஸ்டன் நகரில் இருந்த டிக் கெர் நிறுவனம் டிராம் வண்டிகளையும் மின் இயந்திரங்களையும் செய்து வந்த நிறுவனம். போரின்போது அது வெடிகுண்டு உற்பத்திக்கு மாறியது. அங்கு பணியாற்றிய பெண்கள் இடைவேளையில் பயிற்சித் தொழிலாளர்களான பையன்களுடன் பந்தாடுவதை அலுவலகத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் என்பவர் கவனித்தார். அவரது முயற்சியால் 1917-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகத்தின் டீப்டேல் மைதானத்தில் அந்தப் பெண்கள் தங்களது முதல் பெரிய ஆட்டத்தை ஆடினர். சுமார் 10,000 பேர் பார்த்தனர். 4-0 என்ற கணக்கில் அவர்கள் வென்றனர். திரட்டப்பட்ட தொகை காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனைக்குச் சென்றது. டிக் கெர் மகளிர் அணி இவ்வாறு பிறந்தது.

பத்து ஷில்லிங்கும் ஒரு தங்குமிடமும்

போர் முடிந்ததும் பெண்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். போர்வீரர்கள் திரும்பி வந்ததால் அவர்களுக்கு வேலை தேவைப்பட்டது. ஆனால் பெண்களின் கால்பந்து மறையவில்லை. 1919-இல் செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியில் லில்லி பார் சேர்ந்தார். அந்த அணி டிக் கெர் அணியுடன் மோதிய ஆட்டத்தில் செயின்ட் ஹெலன்ஸ் தோற்றது. ஆனால் அதில் ஆடிய உயரமான சிறுமியை ஃபிராங்க்லண்ட் கவனிக்கத் தவறவில்லை. பிரெஸ்டனுக்கு வந்தால் வேலையும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் செலவுத் தொகையாகப் பத்து ஷில்லிங்கும் கிடைக்கும் என்று அவருக்கு உறுதி கூறப்பட்டது. அதனுடன் வுட்பைன் சிகரெட்டுகளும் வேண்டுமென்று லில்லி கேட்டுப் பெற்றதாக ஒரு கதை உண்டு. சிகரெட்டின் தீமை அறியப்படாத காலம் அது. அவர் வாழ்நாள் முழுவதும் அப்பழக்கத்தை விடவில்லை.

பிரெஸ்டனில் சக ஆட்டக்காரரான ஆலிஸ் நோரிஸின் குடும்பத்தினர் அவருக்குத் தங்க இடம் கொடுத்தனர். அணியின் தலைவியாக ஆலிஸ் கெல் இருந்தார். ஃப்ளோரி ரெட்ஃபோர்ட், ஜென்னி ஹாரிஸ் போன்ற அனுபவமிக்கவர்கள் முன்களத்தில் ஆடினர். அவர்களிடையே இடது ஓரத்தில் நின்று ஆடிய லில்லி, முதல் பருவத்திலேயே 43 கோல்கள் அடித்ததாகக் கூறப்படுகிறது.

பத்து ஷில்லிங் என்பது பெரிய தொகை அல்ல. ஆட்டத்துக்காக வேலையிலிருந்து எடுத்த நேரத்துக்கு ஈடு செய்யும் தொகை மட்டுமே. ஆனால் ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்கு அதன் பொருள் வேறு. அவளது கால்களின் திறமைக்கு ஒரு விலை உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது. வீட்டார் எதிர்த்திருக்கக்கூடிய ஒரு விருப்பத்தை அது நியாயமான தொழிலாக மாற்றியது. பதின்ம வயதில் தனியாக வேறு ஊருக்குச் சென்ற அவருக்கு, தன்னைப் போலவே ஆடும் மூத்த பெண்களின் துணை வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கிடைத்தது. அவரது துணிச்சலுக்குப் பின்னால் இந்த ஏற்பாடுகள் எல்லாம் இருந்தன.

ஆறடியை நெருங்கிய உயரமும், அடர்ந்த கருங்கூந்தலும், களத்துக்கு வெளியே அதிகம் பேசாத இயல்பும் கொண்டவராக லில்லியை அவருடன் ஆடியவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். பேசினாலோ முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் பிறரைச் சிரிக்க வைப்பார். பெண்ணால் தன்னைத் தாண்டிக் கோல் அடிக்க முடியாது என்று சவால் விட்ட ஓர் ஆண் கோல் காப்பாளரின் கை, லில்லியின் உதையைத் தடுக்க முயன்றபோது முறிந்ததாகவும் ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

53,000 பேர் பார்த்த ஆட்டம்

1920-ஆம் ஆண்டு டிக் கெர் அணிக்குப் பெருமை சேர்த்த ஆண்டு. அந்த ஏப்ரலில் பிரான்ஸிலிருந்து ஒரு மகளிர் அணி இங்கிலாந்து வந்தது. பெண்களின் விளையாட்டு உரிமைக்காகப் பாடுபட்ட ஆலிஸ் மில்லியா அதனை அழைத்து வந்திருந்தார். டீப்டேலில் நடந்த முதல் ஆட்டத்தை 25,000 பேர் பார்த்தனர். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் டிக் கெர் அணி பிரான்ஸுக்குச் சென்றது. பாரிஸில் நடந்த ஆட்டத்தை 20,000-க்கும் அதிகமானோர் கண்டனர். கண்ணாடித் தொழிலாளியின் மகளுக்கு அப்போது வயது 15. கடல் கடந்து, வேறு மொழி பேசும் மக்களின் முன் தன் நாட்டின் சார்பில் ஆடும் வாய்ப்பு, அக்காலத்தில் அவரது ஊர்ச் சிறுமிகள் கற்பனையிலும் கண்டிராத ஒன்று.

டிசம்பரில் டீப்டேல் மைதானத்தில் இராணுவத்தின் தேடொளி விளக்குகளின் வெளிச்சத்தில் ஓர் இரவு ஆட்டம் நடந்தது. விளக்குகளுக்கு அப்போதைய போர்த்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் அனுமதி அளித்திருந்தார். பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதற்கு வெள்ளை வண்ணம் பூசப்பட்டது.

அதன் பின்னர், கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26-ஆம் தேதி, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியும் மோதின. சுமார் 53,000 பேர் உள்ளே இருந்தனர். மேலும் ஆயிரக்கணக்கானோர் இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். முக்கிய கோல் அடிப்பவரான ஃப்ளோரி ரெட்ஃபோர்ட் இரயிலைத் தவறவிட்டதால் ஆடவில்லை. இடைவேளைக்குப் பிறகு தலைவி ஆலிஸ் கெல் முன்களத்துக்கு வந்து மூன்று கோல்கள் அடித்தார். 4-0 என்று டிக் கெர் வென்றது. லில்லி அன்று எதிர்த்து ஆடியது அவர் பிறந்த ஊரின் அணியை, அவரைக் களத்துக்கு முதலில் கொண்டுவந்த அணியை. 3,000 பவுண்டுகளுக்கும் அதிகமான தொகை அறப்பணிகளுக்காகத் திரண்டது. மகளிர் கழக ஆட்டமொன்றைக் காண அவ்வளவு பெரும் கூட்டம் கூடியதாகக் கருதப்படும் அந்தச் சாதனை, 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாட்ரிட் நகரில் நடந்த ஆட்டத்துக்கு 60,739 பேர் வரும் வரை நிலைத்தது.

1921-இல் டிக் கெர் அணி 67 ஆட்டங்கள் ஆடியதாகவும், அவற்றை ஏறத்தாழ 9 இலட்சம் பேர் பார்த்ததாகவும் பதிவுகள் கூறுகின்றன. வார நாட்களில் வேலை செய்துகொண்டே அப்பெண்கள் இத்தனை ஆட்டங்களை ஆடினர்.

ஒரு தீர்மானம், ஐம்பது ஆண்டுகள்

1921-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, லண்டனில் கூடிய இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஒருமனதாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத விளையாட்டு என்றும், அதனை ஊக்குவிக்கக் கூடாது என்றும் அச்சங்கம் கருதியது. திரட்டப்படும் நிதியில் பெரும்பகுதி அறப்பணிகளுக்குச் செல்லாமல் செலவுகளுக்கே போவதாகவும் அது குற்றஞ்சாட்டியது. சங்கத்தில் இணைந்துள்ள கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களின் ஆட்டங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று கட்டளையிடப்பட்டது.

உடல் நலம் பற்றிய வாதத்துக்குச் சில மருத்துவர்களும் துணை நின்றனர். கடுமையான விளையாட்டு பெண்களின் உடலுக்குத் தீங்கு விளைவிக்கும் என்று அவர்கள் எச்சரித்தனர். போர்க் காலத்தில் அதே பெண்கள் வெடிமருந்துகளுக்கு நடுவே நாள் முழுவதும் நின்று உழைத்தபோது இத்தகைய கவலை கேட்கப்படவில்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். பணம் பற்றிய குற்றச்சாட்டுக்கு ஆலிஸ் கெல் பதில் அளித்தார். ஆட்டத்துக்காக வேலையை விட்டுச் செல்லும் பெண்கள் இழக்கும் கூலியை ஈடு செய்யாவிட்டால் அவர்களால் ஆடவே முடியாது என்பது அவரது விளக்கம்.

ஆண்களின் ஆட்டத்துக்குப் பெண்கள் போட்டியாக வளர்ந்து வந்ததே தடையின் உண்மைக் காரணம் என்று பலர் கருதுகின்றனர். 1921-இல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டபோது, அவர்களின் குடும்பங்களுக்கு உதவப் பெண்கள் அணிகள் ஆடியதும் மேலிடத்தின் அதிருப்தியை வளர்த்திருக்கலாம் என்பது வேறு சில வரலாற்றாசிரியர்களின் கருத்து.

பெண்கள் கால்பந்து ஆடுவதைச் சட்டம் தடை செய்யவில்லை. யாரும் கைது செய்யப்படவில்லை. ஆனால் பார்வையாளர்கள் அமரும் மாடங்களும், சீரான புல்தரையும், நுழைவுக் கட்டணம் வாங்கும் வாயில்களும் சங்கத்தின் கழகங்களிடம் இருந்தன. சங்கத்தில் பதிவு பெற்ற நடுவர்களும் பெண்களின் ஆட்டங்களிலிருந்து விலக்கப்பட்டனர். பெண்கள் அணிகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தன. ஆனால் மைதானம் இல்லாத சங்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. பல அணிகள் சில ஆண்டுகளில் கலைந்தன.

பூங்காப் புல்வெளிகளில்

அப்போது லில்லிக்கு வயது 16. 1922-இல் டிக் கெர் அணி வட அமெரிக்கா சென்றது. கனடாவின் கால்பந்துச் சங்கமும் அவர்களை ஆட அனுமதிக்கவில்லை. அமெரிக்காவில் இறங்கிய பின்னரே தாங்கள் ஆட வேண்டியது ஆண்களின் அணிகளுடன் என்பதை அவர்கள் அறிந்தனர். அவர்கள் பின்வாங்கவில்லை. ஒன்பது ஆட்டங்களில் மூன்றில் வெற்றியும் மூன்றில் சமநிலையும் மூன்றில் தோல்வியும் கண்டனர். செயின்ட் ஹெலன்ஸ் வெற்று நிலத்தில் சகோதரர்களுடன் ஆடியவருக்கு இது அறிமுகமில்லாத சூழ்நிலை அல்ல.

1926-இல் நிறுவனத்துக்கும் ஃபிராங்க்லண்டுக்கும் இடையே ஏற்பட்ட பிணக்கினால் அணி தொழிற்சாலையிலிருந்து பிரிந்தது. பிரெஸ்டன் மகளிர் அணி என்று பெயர் மாறியது. வேலையிழந்த ஆட்டக்காரர்கள் பலருக்கு, பிரெஸ்டனுக்கு அருகேயுள்ள விட்டிங்கம் மனநல மருத்துவமனையில் பணி கிடைத்தது. லில்லியும் அங்கு செவிலியராகப் பயிற்சி பெற்று, ஓய்வு பெறும் வரை பணியாற்றினார். வாரம் முழுவதும் மருத்துவமனை, ஓய்வு நாட்களில் ஆட்டம் என்று அவரது வாழ்க்கை அமைந்தது. கோஸ்னார் என்ற கிராமத்தில் மேரி என்ற சக பணியாளருடன் சேர்ந்து வீடு வாங்கி வாழ்ந்தார். அவர்கள் வாழ்க்கைத் துணைவியராக இருந்தனர் என்று இன்று பரவலாகக் கருதப்படுகிறது.

ஆட்டங்கள் ஊர்ப் பொது நிலங்களிலும் பூங்காக்களிலும் ரக்பி மைதானங்களிலும் நடந்தன. 53,000 பேர் முன் ஆடியவர்கள் சில நூறு, சில ஆயிரம் பேர் முன் ஆடினர். 1937-இல் எடின்பரோ நகர மகளிர் அணியை 5-1 என்று பிரெஸ்டன் அணி வீழ்த்தியது. அந்தச் செய்தியைப் பெரிதாக எழுத அதிகம் பேர் இல்லை. 1946-இல் லில்லி அணித் தலைவியாக்கப்பட்டார். 1951-இல் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார்.

அவரது கோல்களின் சரியான எண்ணிக்கை எவ்வளவு என்பதில் இன்றும் வேறுபாடுகள் உண்டு. சங்கம் ஏற்காத ஆட்டங்களுக்கு அதிகாரபூர்வப் பதிவேடு இல்லை என்பதே காரணம். அணியின் குறிப்புகள், உள்ளூர்ச் செய்தித்தாள்கள், உடன் ஆடியவர்களின் நினைவுகள் ஆகியவற்றிலிருந்தே வரலாறு திரட்டப்பட்டது. பிரெஸ்டனைச் சேர்ந்த கெய்ல் நியூஷம் 1994-இல் வெளியிட்ட நூல் இதில் முக்கிய இடம் வகிக்கிறது.

தடை யாரைத் தொட்டது

இந்தத் தடையால் லில்லி பாரின் தன்னம்பிக்கை உடைந்துவிடவில்லை. தடை வந்த நாளில் அது ஏற்கெனவே உறுதிப்பட்டிருந்தது. தன் உதையின் வலிமையை அவர் அறிந்திருந்தார். ஒரு பெரும் கூட்டம் தன்னைக் கண்டு ஆர்ப்பரித்த அனுபவம் அவருக்கு இருந்தது. கைவிடாத தோழிகளும் நிலையான வேலையும் இருந்தன. அவற்றைச் சங்கத்தின் தீர்மானம் பறிக்க முடியவில்லை.

தடை தொட்டது அவருக்குப் பின் வந்தவர்களை. 1921-க்குப் பிறகு பிறந்த ஒரு சிறுமி, தன் ஊர் மைதானத்தில் ஒரு பெண் கோல் அடிப்பதை ஒருபோதும் பார்க்கவில்லை. பள்ளியில் கால்பந்து பையன்களுக்கானது. வெற்று நிலத்தில் சகோதரர்களுடன் ஆடி அவள் எவ்வளவு திறமை பெற்றாலும், அவளைத் தேடி வந்து அழைக்க ஒரு ஃபிராங்க்லண்ட் இல்லை, தங்க இடம் தர ஓர் ஆலிஸ் நோரிஸ் இல்லை. சில ஆண்டுகளில் அவளே தன் ஆசையை ஒரு விசித்திரமாகக் கருதி விலகியிருப்பாள். பெண்களுக்குக் கால்பந்தில் ஆர்வமும் நம்பிக்கையும் இல்லை என்று பின்னர் சொன்னவர்கள், அந்த நிலையைத் தாங்களே உருவாக்கியதை மறந்தனர்.

இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. பிரேசில் 1941-இல் பெண்களின் கால்பந்தைத் தடை செய்து 1979 வரை அதனை நீடித்தது. மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955-இல் விதித்த தடையை 1970-இல் நீக்கியது. கால்பந்தில் உலகுக்கு வழிகாட்டிய நாடுகளே பெண்களுக்குக் கதவை அடைத்தன.

காலம் கடந்த மரியாதை

பிரெஸ்டன் மகளிர் அணி 1965-இல் கலைக்கப்பட்டது. 1960-களின் இறுதியில் லில்லிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதே காலத்தில் மகளிர் கால்பந்துச் சங்கம் ஒன்று உருவாகி, தடையை நீக்கும் முயற்சிகள் வலுப்பெற்றன. 1971-இல் தடை முறையாக முடிவுக்கு வந்தது. அதனைக் காண லில்லி உயிருடன் இருந்தார். ஆனால் மைதானம் திறந்தபோது அவருக்கு வயது 66. 1978-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி அவர் காலமானார். பிறந்த ஊரான செயின்ட் ஹெலன்ஸில் அடக்கம் செய்யப்பட்டார்.

2002-இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தனது புகழ் மண்டபத்தை அமைத்தபோது, அதில் இடம்பெற்ற முதல் பெண் லில்லி பார்தான். 1921-ஆம் ஆண்டின் தடைக்காக 2008-இல் கால்பந்துச் சங்கம் மன்னிப்புக் கோரியது. 2019-இல் மான்செஸ்டரில் உள்ள அதே அருங்காட்சியகத்தில் அவரது வெண்கலச் சிலை நிறுவப்பட்டது.

2022-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 87,192 பேர் முன்னிலையில் இங்கிலாந்து மகளிர் அணி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. வெற்றி பெற்ற சில நாட்களில் அந்த வீராங்கனைகள் செய்த செயல் கவனத்துக்குரியது. பிரதமர் பதவிக்கு அப்போது போட்டியிட்டவர்களுக்கு அவர்கள் ஒரு திறந்த மடல் எழுதினர். உடற்பயிற்சி வகுப்புகளில் 63 சதவீதச் சிறுமிகளுக்கு மட்டுமே கால்பந்து ஆடும் வாய்ப்பு இருப்பதைச் சுட்டிக்காட்டி, எல்லாச் சிறுமிகளுக்கும் அந்த வாய்ப்பை அளிக்குமாறு கோரினர். மறு ஆண்டு மார்ச் மாதத்தில், பள்ளி விளையாட்டில் சிறுமிகளுக்குச் சம வாய்ப்பு அளிக்கும் நடவடிக்கைகளை அரசு அறிவித்தது.

அந்த வீராங்கனைகள் தங்களைப் போல ஆகுமாறு சிறுமிகளுக்கு அறிவுரை வழங்குவதோடு நின்றிருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டது வகுப்பு நேரமும் பயிற்சியாளரும் ஆடுகளமும். ஒரு சிறுமி பந்தைத் தவறாக உதைத்து, மீண்டும் உதைத்து, ஒரு நாள் சரியாக உதைக்கும்போது பெறும் நம்பிக்கையை வேறு எதனாலும் தர முடியாது. அந்த மறு உதைக்கு இடமும் நேரமும் வேண்டும்.

லில்லி பார் அசாதாரணமான மனவுறுதி கொண்டவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நாட்டின் சிறுமிகள் அனைவரும் லில்லி பார்களாக இருந்தால்தான் ஆட முடியும் என்ற நிலை நீதியானதல்ல. தடையை மீறி ஆடிய ஒருவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. 1921-க்கும் 1971-க்கும் இடையில், பந்தை ஒரு முறைகூட உதைக்காமலேயே வளர்ந்து முதிர்ந்த பெண்களின் பெயர்கள் எந்தப் புகழ் மண்டபத்திலும் இல்லை. சங்கம் கோரிய மன்னிப்பு, உண்மையில் அவர்களுக்கே அதிகம் உரியது.